பத்துப் பேர் டவுன்லோட் செய்தால் லாகின் ஏன் நிற்கிறது?

ஜாவாவில் ஒரு கோப்பைப் பிரவுசருக்கு அனுப்ப ஐந்தாறு வரி போதும். கோப்பைத் திறக்க வேண்டும், ஹெடரில் வகையையும் பெயரையும் போட வேண்டும், அவுட்புட் ஸ்ட்ரீமில் எழுத வேண்டும், மூட வேண்டும். எந்த வகுப்பிலும் இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க மாட்டார்கள். ஆனால் நான் பராமரித்துவரும் ஆவணக் காப்பக அப்ளிகேஷனில் வந்த தலைவலிகளை எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் இந்த ஐந்தாறு வரியைச் சுற்றித்தான்.

அப்ளிகேஷன் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஒரு தனியார் நிறுவனம் தன் பழைய ஒப்பந்தங்கள், ரசீதுகள், கட்டட வரைபடங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. கிளை அலுவலகங்களில் இருப்பவர்கள் வேண்டியதைத் தேடி எடுத்து டவுன்லோட் செய்வார்கள். ஜாவா அப்ளிகேஷன் எழுதும் கட்டமைப்பான ஸ்பிரிங் பூட், அதற்குள் பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் டாம்கேட் சர்வர், பின்னால் டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ். கோப்புகள் டிஸ்கில், அவற்றின் விவரங்கள் டேட்டாபேஸில். ஒரு ரசீது 200 கேபி இருக்கும். ஒரு வரைபடக் கட்டு பல ஜிபியைத் தொடும். தலைமை அலுவலகத்தில் ஃபைபர் லைன். கிளைகளில் பல இடங்களில் டாங்கிள்தான், மழை பிடித்துக்கொண்டால் அதுவும் சந்தேகம்.

300 எம்பி கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அலுவலக லேனில் மூன்று வினாடியில் வந்துவிடும். நொடிக்கு 2 மெகாபிட் ஓடும் லைனில் அதே கோப்புக்கு 20 நிமிடம் ஆகும். நாம் எழுதும்போதும் சோதிக்கும்போதும் பார்ப்பது அந்த மூன்று வினாடியைத்தான். வாங்குகிறவர் எடுத்துக்கொள்ளும் 20 நிமிடமும் சர்வர் எதையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்தச் சிக்கல்கள் ஒவ்வொன்றாக விளங்கின.

முதலில் மெமரி. பலருக்கும் தெரிந்த கதை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் கைக்கு வந்த புரோகிராம் கோடு, கோப்பு முழுவதையும் ஒரு பைட் அர்ரேயில் படித்து அப்படியே திருப்பி அனுப்பியது. ஜாவா பயன்படுத்தும் மெமரியான ஹீப்பின் அளவை நாம் சொல்லாவிட்டால், ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் மெஷின் மெமரியில் கால்பங்கை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி சர்வரில் அது 1 ஜிபி. 300 எம்பி கோப்பை நான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் முடிந்தது. நடுவில் பைட்-அர்ரே-அவுட்புட்-ஸ்ட்ரீம் இருந்தால் நான்கு பேர்கூட வேண்டாம். அது நிறைய நிறைய இரண்டு மடங்காக வளரும். வளரும்போது பழையதும் புதியதும் சேர்ந்தே மெமரியில் இருக்கும். 300 எம்பி கோப்புக்கு அதன் உள் அர்ரே 512 எம்பி வரை போய்விடும், கடைசியில் அர்ரேயாகக் கேட்டால் இன்னொரு 300 எம்பி நகல். ஒரே ஆளுக்கு 800 எம்பிக்கு மேல். இதைத் தவிர்க்க ஃபைல்ஸ் காப்பி, அல்லது ஜாவா 9-இல் வந்த டிரான்ஸ்ஃபர்-டு போதும். இரண்டும் சில கேபி அளவுள்ள பஃபரில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். கோப்பு 3 கேபியோ 3 ஜிபியோ, மெமரிக்கு ஒன்றுதான். ஸ்பிரிங்கில் ஃபைல்-சிஸ்டம்-ரிசோர்ஸைத் திருப்பிக் கொடுத்தாலும் இதே வேலை நடக்கும்.

மெமரி சரியானதும் வந்ததுதான் தலைப்பில் இருக்கும் கேள்வி.

மாதக் கடைசி, கிளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆவணம் எடுக்கும் நாள். லாகின் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சர்வரைப் பார்த்தால் சிபியு தூங்குகிறது, மெமரி தாராளமாக இருக்கிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது. சர்வரின் பதிவுக் கோப்பான லாகில் மட்டும் ஒரே வரி திரும்பத் திரும்ப: டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்துக் கடன் கொடுக்கும் ஹிகாரி பூலில் கனெக்‌ஷன் இல்லை, 30000 மில்லிசெகண்ட் காத்திருந்து கைவிட்டேன் என்று. ஜேஸ்டாக் போட்டு, ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் எடுத்தோம். ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்றாக வேலை செய்யும் டாம்கேட்டின் எக்செக் த்ரெட்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. ஒரு பெரிய கூட்டம் ஹிகாரியிடம் கனெக்‌ஷன் கேட்டு வரிசையில். இன்னொன்று சின்னது, சரியாகப் பத்துப் பேர். அந்தப் பத்தும், பிரவுசருக்குப் போகும் இணைப்பான சாக்கெட்டில் எழுத இடம் கிடைக்காமல் காத்திருந்தன. போஸ்ட்கிரெஸ் பக்கம் போய்ப் பார்த்தால் பத்து கனெக்‌ஷனும் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தன.

ஹிகாரியின் இயல்பான உச்சவரம்பு 10. டவுன்லோட் செய்யும் பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டு, டாங்கிளில் சொட்டுச் சொட்டாகக் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர் இலையை மூடாமல் கதை பேசிக்கொண்டிருந்தால் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் என்ன செய்வார்? லாகின் செய்ய வந்தவருக்கும் அதே நிலைமை. அவருக்குத் தேவை ஒரே ஒரு சின்ன குவெரி, அதற்கு ஒரு கனெக்‌ஷன் கிடைக்கவில்லை.

கோப்பு டிஸ்கில்தானே இருக்கிறது, டவுன்லோடுக்கும் டேட்டாபேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கோப்பின் பெயரையும் இடத்தையும் தெரிந்துகொள்ள ஆரம்பத்தில் ஒரு குவெரி போகிறது. ஸ்பிரிங் பூட்டில் ஓப்பன்-இன்-வியூ என்ற அமைப்பு இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். அது, டேட்டாபேஸோடு பேசும் ஹைபர்னேட் லைப்ரரியின் செஷனை ரிக்வெஸ்ட் முடியும்வரை திறந்து வைக்கும். முதல் குவெரிக்காக எடுத்த கனெக்‌ஷனும் அதோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். ரிக்வெஸ்ட் எப்போது முடியும்? கடைசி பைட் போய்ச் சேர்ந்த பிறகு. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எடுக்காத குவெரிக்காக 20 நிமிடம் கனெக்‌ஷன் முடக்கம். அப்ளிகேஷன் எழுந்திருக்கும்போதெல்லாம் இதைப் பற்றி ஸ்பிரிங் பூட் லாகில் ஒரு எச்சரிக்கை போடுகிறது. அந்த மஞ்சள் வரியை யாரும் படிப்பதில்லை.

பூலை 50 ஆக்கிவிடலாம் என்ற யோசனை உடனே வந்தது. வழக்கமாக வருவதுதான். அப்படிச் செய்தால் பத்துப் பேருக்குப் பதில் ஐம்பது பேர் வந்ததும் நிற்கும், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸின் இயல்பான மொத்த வரம்பே 100 கனெக்‌ஷன் என்பதும் இருக்கிறது. நாங்கள் செய்தது வேறு: ஓப்பன்-இன்-வியூவை ஃபால்ஸ் ஆக்கினோம். டேட்டாபேஸ் வேலையைச் செய்யும் சர்வீஸில் ஒரு குட்டி டிரான்சாக்‌ஷன். இவருக்கு அனுமதி உண்டா, கோப்பு எங்கே, பெயர் என்ன, அளவு என்ன என்று பார்த்து ஒரு சாதாரண ரெக்கார்டாகக் கொடுத்துவிட்டு அது முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான், ரிக்வெஸ்ட்டை வாங்கிப் பதில் அனுப்பும் கன்ட்ரோலர் கோப்பைத் திறக்கும். ஓப்பன்-இன்-வியூவை அணைத்ததும் வேறு சில பக்கங்களில், செஷன் மூடிய பிறகு டேட்டா கேட்டால் வரும் லேசி எக்செப்ஷன் வெடித்தது. அதையெல்லாம் சரிசெய்ய வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிரான்சாக்‌ஷனல் அனொட்டேஷன் கன்ட்ரோலர் மேலேயே ஒட்டியிருந்தால் இந்த மாற்றம் மட்டும் உதவாது, அதையும் கழற்ற வேண்டும்.

கோப்பையே டேட்டாபேஸுக்குள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. போஸ்ட்கிரெஸில் பைட்டுகளை வைக்கும் பைட்டியா நெடுவரிசை என்றால், ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர் அந்த மதிப்பு முழுவதையும் மெமரிக்குக் கொண்டுவந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கவிடும் லார்ஜ் ஆப்ஜெக்ட் என்றால் படித்து முடியும்வரை டிரான்சாக்‌ஷன் திறந்திருக்க வேண்டும். வேகமாக ஒரு தற்காலிகக் கோப்பில் இறக்கி, கனெக்‌ஷனை விட்டுவிட்டு, அங்கிருந்து அனுப்புவதுதான் நான் பார்த்தவரை நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

கனெக்‌ஷன் விடுபட்டாலும் த்ரெட் பாக்கி இருக்கிறது. டாம்கேட்டுக்கு இயல்பாக 200. மெதுவான 200 பேர் வந்தால் அதுவும் தீரும். எழுதும் வேலையை டாம்கேட் த்ரெட்டிலிருந்து பிரிக்கும் ஸ்பிரிங்கின் ஸ்ட்ரீமிங்-ரெஸ்பான்ஸ்-பாடி போட்டுப் பார்த்தார் எங்கள் குழுவில் ஒருவர். டாம்கேட்டின் அசிங்க் டைம்அவுட் 30 வினாடி என்பதால் அரை நிமிடத்தைத் தாண்டிய டவுன்லோடெல்லாம் அறுந்தது. அதைக் கூட்டலாம், ஆனால் அதிலும் உள்ளே வேறொரு த்ரெட்தான் எழுதிக்கொண்டு நிற்கிறது. ஆயிரக்கணக்கில் மலிவாக வைத்துக்கொள்ளக்கூடிய ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட் இந்த இடத்தில் நிஜமாகவே உதவும். ஆனால் த்ரெட் மலிவாகிவிட்டால் டேட்டாபேஸ் கனெக்‌ஷனும் மலிவாகிவிடாது. மேலே சொன்னதைச் செய்யாமல் இதை மட்டும் போட்டால் கனெக்‌ஷன் கேட்டு நிற்கும் வரிசை இன்னும் நீளும்.

என்ஜின்எக்ஸ் வந்த பிறகு

அப்போது டாம்கேட் நேரடியாகவே வெளியே நின்றது. முன்னால் நின்று ரிக்வெஸ்ட்டை வாங்கிக் கைமாற்றும் என்ஜின்எக்ஸ் சர்வரை வைத்ததும் எல்லாம் குணமானது போல இருந்தது. அதன் ப்ராக்ஸி பஃபரிங் இயல்பாகவே ஆன். டாம்கேட் தருவதை என்ஜின்எக்ஸ் வேகமாக வாங்கி, மெமரி போதாவிட்டால் தற்காலிகக் கோப்பில் வைத்துக்கொண்டு, கிளைக்கு அவர்கள் வேகத்தில் கொடுக்கும். டாம்கேட் த்ரெட் சில வினாடியில் விடுதலை.

அப்புறம் ஒரு கிளையிலிருந்து புகார்: பெரிய வரைபடக் கட்டுகள் மட்டும் பாதியில் நிற்கின்றன. தலைமை அலுவலகத்தில் அதே கோப்பு கச்சிதமாக இறங்குகிறது. சின்னக் கோப்புகள் எங்கேயும் பிரச்சினை இல்லை. நின்றவற்றின் அளவைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் எல்லாம் 1 ஜிபியைக் கொஞ்சம் தாண்டிய இடம். அந்த எண்தான் துப்பு. என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி-மேக்ஸ்-டெம்ப்-ஃபைல்-சைஸ் என்ற அமைப்பின் இயல்பான அளவு 1024 எம்பி. தற்காலிகக் கோப்பு அந்த அளவுக்கு நிறைந்ததும் என்ஜின்எக்ஸ் டாம்கேட்டிடம் வாங்குவதை நிறுத்திவிடும்; கையில் இருக்கும் 1 ஜிபியை மெதுவான லைனில் தள்ளிக்கொண்டிருக்கும். டாம்கேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. எழுத முடியாமல் நின்று பார்த்து, கனெக்டரின் டைம்அவுட் தாண்டியதும் இணைப்பை மூடிவிடும். அந்த டைம்அவுட் ஸ்பிரிங் பூட்டில் 60 வினாடி, தனியாக நிறுவும் டாம்கேட்டின் சர்வர் கோப்பில் 20 வினாடி. 1 ஜிபி தீர்ந்து என்ஜின்எக்ஸ் திரும்பிப் பார்க்கும்போது ஆள் இல்லை. வேகமான லைனில் தற்காலிகக் கோப்பு நிறையவே நிறையாது, அதனால் தலைமை அலுவலகத்தில் இது நடக்காது.

அந்த அமைப்பைப் பூஜ்யம் ஆக்கினால் தற்காலிகக் கோப்பே கிடையாது. ஆனால் டாம்கேட் த்ரெட் மறுபடி வாங்குகிறவர் வேகத்துக்கு வந்துவிடும். நாங்கள் எக்ஸ்-ஆக்சல்-ரீடைரக்ட் ஹெடருக்குப் போனோம். ஜாவா அனுமதியைச் சரிபார்க்கும். உள்ளடக்கம் ஒன்றும் எழுதாமல், கோப்பு இருக்கும் உள்பாதையை மட்டும் அந்த ஹெடரில் சொல்லும். என்ஜின்எக்ஸ் கோப்பை டிஸ்கிலிருந்து தானே எடுத்துக் கொடுக்கும். என்ஜின்எக்ஸ் அமைப்பில் அந்தப் பாதைக்கான லொகேஷனுக்கு இன்டர்னல் என்று போட்டுவிட்டால் வெளியிலிருந்து யாரும் நேரடியாக அதைத் தொட முடியாது. ஜாவா வைத்த கன்டென்ட்-டைப்பும் கோப்புப் பெயர் ஹெடரும் அப்படியே போய்ச் சேரும். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் ரேஞ்ச் வசதி சும்மாவே கிடைக்கும். அப்பாச்சி வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்-சென்ட்ஃபைல் மாட்யூல் இதே வேலையைச் செய்யும். அமேசானின் எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பில் கோப்பு இருந்தால் கொஞ்ச நேரம் மட்டும் செல்லும் கையெழுத்திட்ட லிங்க். எல்லாவற்றிலும் ஜாவாவின் வேலை ஒன்றே: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வது.

இந்தச் சமயத்தில்தான் இன்னொரு 1 ஜிபி மர்மம் குழப்பியது. ஒரு கோப்பு கிட்டத்தட்ட 5 ஜிபி என்று சொல்லிவந்தார்கள், துல்லியமாக 5 ஜிபிதான். அது எந்த லைனிலும் 1 ஜிபியில் நின்றது, ஆனால் பிரவுசர் 'முடிந்தது' என்றே காட்டியது. இதில் என்ஜின்எக்ஸுக்குப் பங்கில்லை. ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் ஜாவா வகுப்பான பழைய சர்வ்லெட் ஒன்றில், கோப்பின் நீளத்தை 32 பிட் எண்ணான இன்ட் ஆக மாற்றி, நீளம் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரை வைத்திருந்தார்கள். 536,87,09,120 என்ற எண் 32 பிட்டுக்குள் அடங்காமல் சுற்றிக்கொண்டு வந்து 107,37,41,824 ஆகிவிடும். அதாவது மிகச் சரியாக 1 ஜிபி. டாம்கேட் சொன்ன நீளம் வரை அனுப்பிவிட்டு மீதியை உதறிவிடும். பிரவுசரும் சொன்ன நீளம் வந்துவிட்டது என்று திருப்தியாகிவிடும். சர்வ்லெட் 3.1-இல் 64 பிட் எண்ணான லாங் வாங்கும் செட்-கன்டென்ட்-லெங்த்-லாங் வந்துவிட்டது, அதைப் போட்டால் சரி. அறுந்ததா, முடிந்ததாகச் சொல்லியும் குறைகிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டால் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

முடிந்ததாகப் பொய் சொல்வதற்கு இன்னொரு வழியும் உண்டு. எழுதும் லூப்பைச் சுற்றி டிரை கேட்ச் போட்டு, வந்த எக்செப்ஷனை லாகில் எழுதிவிட்டு மௌனமாகத் திரும்பிவிடுவது. நீளம் சொல்லாத ரெஸ்பான்ஸ் என்றால் டாம்கேட் எல்லாம் ஒழுங்காக முடிந்ததாக நினைத்துக் கடைசித் துண்டுக்கான குறியை அனுப்பிவிடும். பயனருக்குப் பாதி பிடிஎஃப் முழுசு போலக் கிடைக்கும். நிலை எண் 200 முதலிலேயே போய்விட்டதால் அதை 500 ஆக மாற்றவும் வழியில்லை. எக்செப்ஷனை மேலே விட்டுவிட வேண்டும். டாம்கேட் இணைப்பை அறுக்கும், பிரவுசர் தோல்வி என்று காட்டும். அந்தச் சிவப்பு எழுத்து பயனருக்கு நல்லதுதான். வாங்குகிறவரே நடுவில் நிறுத்திவிட்டால் வரும் கிளையன்ட்-அபார்ட்-எக்செப்ஷன் வேறு ரகம். அதை எர்ரர் என்று லாகில் குவித்தால் நிஜமான எர்ரர் கண்ணில் படாது.

இதையெல்லாம் மேஜையிலேயே வரவழைக்க, டெர்மினலில் கோப்பை இறக்கும் கர்ல் என்ற கருவி போதும். அதில் லிமிட்-ரேட் என்ற ஆப்ஷன் இருக்கிறது. 50 கேபி என்று கொடுத்துப் பத்துப் பன்னிரண்டு டெர்மினலில் ஒரே பெரிய கோப்பைக் கேட்டு ஓடவிட்டு, பக்கத்தில் லாகின் செய்து பார்க்க வேண்டும். கோப்பு நூறு எம்பிக்கு மேல் இருப்பது நல்லது. சின்னக் கோப்பு என்றால் சாக்கெட் பஃபரிலேயே அடங்கிவிடும், சர்வர் அனுப்பி முடித்துவிட்டதாக நினைக்கும், ஒன்றும் தெரியாது. இறங்கியதையும் மூலத்தையும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ256 போட்டு ஒப்பிட வேண்டும். கோப்பு திறக்கிறது என்பது சான்றாகாது. இப்போது எந்த டவுன்லோட் மாற்றமும் இந்தச் சோதனை இல்லாமல் எங்களிடம் வெளியே போவதில்லை.

தமிழ்ப் பெயர் வைத்தால்

பெயர்ப் பிரச்சினை சர்வரை நிறுத்தாது, ஆனால் தொலைபேசியை நிறுத்தவிடாது. 'வாடகை ஒப்பந்தம்' என்ற கோப்பு டவுன்லோட் ஆகும்போது அடிக்கோடுகளின் வரிசையாக வந்தது. ஹெச்டிடிபி ஹெடர்கள் அடிப்படையில் லத்தீன் எழுத்துகளுக்கானவை. டாம்கேட் அவற்றை ஐஎஸ்ஓ-8859-1 என்ற குறியாக்கத்தில் எழுதும், தமிழுக்கு அதில் இடமில்லை. சரி என்று, எழுத்துகளைச் சதவீதக் குறியிட்ட எண்களாக்கும் யூஆர்எல்-என்கோடர் போட்டு, பெயர் சொல்லும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரின் பழைய ஃபைல்நேம் பகுதியிலேயே வைத்தால், ஒரு பிரவுசர் புரிந்துகொண்டு தமிழில் காட்டும், இன்னொன்று சதவீதக் குறிகளோடு அப்படியே சேமிக்கும்.

ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தர ஆவணம் இதற்கு வழி சொல்கிறது: ஃபைல்நேம் என்பதற்குப் பின் ஒரு நட்சத்திரக் குறி, பிறகு யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு, இரண்டு ஒற்றை மேற்கோள், அதன் பின் சதவீதக் குறியிட்ட பெயர். சாதாரண ஃபைல்நேம் பகுதியில் லத்தீன் எழுத்தில் ஒரு மாற்றுப் பெயரையும் வைக்கலாம். இரண்டும் இருந்தால் நட்சத்திரம் போட்டதையே பிரவுசர் எடுக்கும். யூஆர்எல்-என்கோடர் இடைவெளியைக் கூட்டல் குறியாக்கும் என்பதை மறக்கக் கூடாது. அதை சதவீதம் 20 ஆக மாற்றாவிட்டால் 'வாடகை+ஒப்பந்தம்' என்று வரும். ஸ்பிரிங்கில் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் பில்டர் இருக்கிறது. பெயரையும் யூடிஎஃப்-8-ஐயும் கொடுத்தால் போதும், கையால் ஒட்டுப்போட வேண்டாம். கையால் செய்தபோது மேற்கோள் குறி விட்டுப்போய், பெயரில் காற்புள்ளி இருந்த கோப்புகளைக் குரோம் ஹெடர் இரண்டு முறை வந்திருக்கிறது என்று சொல்லி மறுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

பெயர் நீளம் தனிக் கதை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். 'ஒப்பந்தம்' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. புள்ளிகளும் தனிக் குறி என்பதால் கணினிக்கு ஒன்பது, ஆக 27 பைட், ஹெடரில் 81 எழுத்து. லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4-இல் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழில் 85 குறி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் அதே 255 என்பது யூடிஎஃப்-16 அலகு, தமிழ்க் குறிக்கு ஒன்று போதும்; தமிழுக்கு அங்கே மூன்று மடங்கு இடம். ஆகவே கிளையில் நீளமாகப் பெயர் வைத்து அழகாகச் சேமித்த கோப்பு, சர்வரில் ஏற்றும்போது பெயர் நீளம் என்று விழும். டிஸ்கில் வெறும் எண்ணையே பெயராக வைத்து, பயனர் வைத்த பெயரை டேட்டாபேஸில் வைத்துவிட்டோம். எக்ஸ்-ஆக்சல் பாதையிலும் தமிழைக் குறியாக்கம் செய்யும் தொல்லை தீர்ந்தது.

சிஎஸ்வி அறிக்கை தருபவர்கள் முதலில், இது யூடிஎஃப்-8 என்று அடையாளம் காட்டும் பிஓஎம் என்ற மூன்று பைட்டை எழுதிவிடுங்கள். அது இல்லாத கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்தால் எக்செல் தமிழைக் குப்பையாகக் காட்டும்.

அடுத்தவர் கோப்பு

எண்ணையே பெயராக்கியதில் பாதுகாப்பும் கொஞ்சம் கூடியது. பெயரை லிங்க்கில் வாங்கி அதைப் பாதையோடு ஒட்டும் புரோகிராம் கோடு இன்னமும் நிறைய இடத்தில் ஓடுகிறது. இரண்டு புள்ளியும் சாய்கோடும் சேர்த்து மேலே மேலே ஏறினால் சர்வரின் பாஸ்வேர்டு கோப்பு வரை போகலாம். பெயர் வாங்கியே தீர வேண்டும் என்றால் பாதையை நார்மலைஸ் செய்து, அது நம் அடைவுக்குள்தான் இருக்கிறதா என்று பாத் வகுப்பின் ஸ்டார்ட்ஸ்-வித் கொண்டு பார்க்க வேண்டும். ஸ்டிரிங்காக ஒப்பிட்டால் 'டாக்ஸ்' என்ற அடைவைச் சோதிக்கும்போது பக்கத்தில் இருக்கும் 'டாக்ஸ்-பழையது' என்ற அடைவும் தேறிவிடும்.

எண் மட்டும் வைத்தால் அடுத்த ஆபத்து: 1041-ஐ 1042 ஆக்கிப் பார்ப்பவர்கள். யூயூஐடி என்ற நீளமான அடையாளக் குறி வைத்தால் ஊகிப்பது கடினம். ஆனால் லிங்க்கை யாராவது வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் அதுவும் திறந்த கதவுதான். ஒவ்வொரு டவுன்லோடிலும் இந்த ஆளுக்கு இந்தக் கோப்பு உண்டா என்று கேட்பதற்கு மாற்று எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பயனர்கள் ஏற்றிய கோப்புகளை பிரவுசருக்குள் திறக்காமல் சேமிக்கச் சொல்லும் அட்டாச்மென்ட் ஆகவே கொடுங்கள், கோப்பின் வகையைப் பிரவுசர் தானாக ஊகிப்பதைத் தடுக்கும் நோஸ்னிஃப் ஹெடரையும் சேர்த்துவிடுங்கள். ஒரு ஹெச்டிஎம்எல்லோ எஸ்விஜியோ பிரவுசருக்குள் நம் தளத்தின் பெயரில் திறந்தால் அதிலிருக்கும் ஸ்கிரிப்ட் பார்ப்பவரின் செஷனில் ஓடும்.

'பிடிஎஃப் திறக்கவில்லை' என்ற புகாரில் நான் முதலில் சொல்வது, அதை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் படியுங்கள் என்று. நல்ல கோப்பு சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துமாகத் தொடங்கும். பல நேரம் அங்கே ஹெச்டிஎம்எல் இருக்கும்: செஷன் காலாவதியாகி, லாகின் பக்கம் பிடிஎஃப் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் ஃபெட்ச் செய்து சேமிக்கும் திரைகளில் இது சகஜம், ஏனென்றால் ரீடைரக்டை ஃபெட்ச் சத்தமில்லாமல் பின்தொடரும். டவுன்லோட் முகவரிகளுக்கு மட்டும் ரீடைரக்ட் இல்லாமல், லாகின் வேண்டும் என்று சொல்லும் 401 நிலை எண்ணைக் கொடுக்கும்படி மாற்றினோம்.

ரேஞ்ச் வந்த பிறகு தணிக்கைக் குழுவிலிருந்து ஒரு கேள்வி: ஒரே ஊழியர் ஒரே நிமிடத்தில் ஒரு ஒப்பந்தத்தை ஏன் இத்தனை முறை எடுத்தார்? அவர் டவுன்லோட் மேனேஜர் வைத்திருந்தார், அது கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும். ஒவ்வொரு துண்டும் எங்கள் பதிவேட்டில் ஒரு டவுன்லோட். இப்போது ரேஞ்ச் ஹெடர் இல்லாத, அல்லது பூஜ்யத்தில் தொடங்கும் கேள்வியை மட்டும் டவுன்லோடாக எண்ணுகிறோம்.

ஜாவா வழியாகவே இன்னும் போவது ஒன்றுதான், பல கோப்பைச் சேர்த்துக் கேட்கும் ஜிப். ஜிப்-அவுட்புட்-ஸ்ட்ரீமை நேராக ரெஸ்பான்ஸில் எழுதுவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் நீளம் முன்கூட்டித் தெரியாது, பிரவுசரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டாது, அறுந்தால் முதலிலிருந்துதான். அதனால் சின்னக் கட்டு என்றால் நேராக. பெரியது என்றால் பின்னணி வேலையாக டிஸ்கில் ஜிப் கட்டி, தயாரானதும் லிங்க் கொடுத்து, என்ஜின்எக்ஸிடம் விட்டுவிடுகிறோம். ஸ்கேன் பிடிஎஃப்களும் ஜேபெக்குகளும் ஏற்கெனவே சுருங்கியவை, மறுபடி சுருக்கினால் சிபியுதான் சூடாகும். ஜிப்பின் சுருக்கும் லெவலைப் பூஜ்யம் ஆக்கிவிட்டோம். கட்டிய ஜிப்பை 24 மணி நேரத்தில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அழித்துவிடும். அழிக்கும் நேரத்தில் யாராவது டவுன்லோட் செய்துகொண்டிருந்தால் அவருக்குப் பாதகமில்லை, திறந்திருக்கும் கோப்பை லினக்ஸ் மூடும்வரை விட்டுவைக்கும். நடுவில் நெட் போய்த் தொடர முயல்பவருக்குத்தான் 404 வரும். அதற்காகத் திரையில் லிங்க்குக்குப் பக்கத்திலேயே எத்தனை மணி வரை கிடைக்கும் என்று போட்டிருக்கிறோம், டாங்கிள்காரர்கள் இரவில் போட்டுவிட்டுப் போவதற்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று.